இலை சுருங்கினால் தாகமா, வேர் அழுகலா? பலவண்ண ஹோயாவுக்கு ஏற்ற தொட்டிக் கலவை

சுங்கை பட்டாணி – பச்சை இலையின் ஓரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஓடும் ஹோயாக் கொடிகள் இப்போது கெடாவின் பல வீடுகளில் முன்வாசலில் தொங்குகின்றன. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பரவிய செடி மோகத்தில் இந்தக் கொடியும் பலருடைய வீட்டுக்கு வந்தது. சாதாரணப் பச்சை ஹோயாவைவிடப் பலவண்ண இலைக் கொடியின் விலை அதிகம். ஆசையோடு வாங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே அதை இழந்தும் விடுகிறார்கள்.

அந்த இழப்பு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நடக்கிறது. கொடியோடு ஒரு மூட்டை கறுப்பு மண்ணும் வாங்கி வந்து, அழகான பெரிய ஜாடியில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலை சுருங்குகிறது. செடிக்குத் தாகம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். இலை மஞ்சளாகி உதிர, தண்டின் அடி கறுத்து மெத்தென்று ஆகிவிடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும்.

இங்கே செடியின் மீது குறை இல்லை. வளர்த்தவர்களிடம் அக்கறைக்கும் பஞ்சம் இல்லை. தவறு தொட்டிக்குள் இட்ட கலவையில் இருக்கிறது. சரியான கலவைக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை கெடாவிலேயே எளிதாகக் கிடைப்பவை. எதை, ஏன், எந்த அளவில் சேர்ப்பது என்று புரிந்துகொண்டால் போதும்.

மரத்தில் வாழும் கொடி

ஹோயா நம் வட்டாரத்துச் செடி. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், நியூ கினி ஆகிய இடங்களின் காடுகளில் இதன் இனங்கள் ஏராளம். தீபகற்ப மலேசியாவில் மட்டுமே பல இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. தமிழ்நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும்கூட ஹோயா உண்டு. இந்தப் பேரினத்துக்கு 1810இல் பெயர் சூட்டியவர் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன். இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்து கோமகனின் தோட்டத்தைப் பராமரித்த தாமஸ் ஹோய் என்பவரின் பெயரையே அவர் வைத்தார். மெழுகில் வார்த்தது போன்ற பூக்கள் கொத்தாகப் பூப்பதால் இதை மெழுகுப்பூக் கொடி என்றும் சொல்வதுண்டு.

ஹோயா எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கிள்ளினால் எருக்கைப் போலவே பால் வடியும். எருக்கு மண்ணில் வேரூன்றி நிற்கும் செடி. ஹோயாவின் பெரும்பாலான இனங்களோ மரக்கிளைகளிலும் பட்டைகளிலும் தொற்றிப் படரும் கொடிகள். புல்லுருவியைப் போல் இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரத்தைத் தங்கும் இடமாக மட்டுமே பயன்படுத்துகின்றன.

கலவையைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் இந்த வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. மரக்கிளையில் இருக்கும் வேரைச் சுற்றி என்ன இருக்கும்? கொஞ்சம் பாசி, மக்கிய இலை, பட்டைத் துகள், மீதியெல்லாம் காற்று. மழை கொட்டும்போது வேர் முழுக்க நனையும். மழை நின்றதும் நீர் வழிந்துவிடும், காற்றுப் பட்டுச் சில மணி நேரத்தில் உலரத் தொடங்கும். ஹோயாவின் வேர் ஈரத்தையும் காற்றையும் ஒருசேரக் கேட்கும். நாள் கணக்கில் ஈரத்துக்குள் மூழ்கிக் கிடந்தால் அதற்கு மூச்சுத் திணறும்.

இங்கே மூச்சு என்பது வெறும் உவமை இல்லை. வேரின் உயிரணுக்களுக்கு உண்மையாகவே ஆக்சிஜன் தேவை. கலவையின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் நீரே நிறைந்து நின்றால் வேர்நுனி செத்துவிடும். செத்த வேரில் பூஞ்சணம் புகுந்து அழுகல் மேலே ஏறும்.

வெள்ளைப் பகுதி உணவு சமைக்காது

பச்சை ஹோயா தாங்கிக்கொள்ளும் தவற்றைப் பலவண்ண ஹோயா தாங்காது. இலையின் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்புப் பகுதிகளில் பச்சையம் இல்லை, அல்லது மிகக் குறைவு. வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் வேலை முழுவதும் மீதமுள்ள பச்சைப் பகுதியின் தலையில் விழுகிறது. அதனால் வளர்ச்சி மெதுவாகும், புதிய வேர் விடுவதும் தாமதமாகும். மெதுவாக வளரும் செடி தொட்டியிலிருந்து நீரையும் மெதுவாகவே எடுக்கும். ஒரே அளவுத் தொட்டி, ஒரே கலவை, ஒரே அளவு நீர் என்று வைத்தாலும் பச்சை ஹோயாவின் தொட்டி முதலில் காயும். பலவண்ண ஹோயாவின் தொட்டியில் ஈரம் அதிக நாள் நிற்கும்.

ஆகவே பலவண்ண வகைக்குக் கலவை இன்னும் சற்றுக் கரடுமுரடாகவும், தொட்டி இன்னும் சற்றுச் சிறியதாகவும் இருக்க வேண்டும்.

சந்தையில் அதிகம் காணப்படுபவை ஹோயா கார்னோசா இனத்தின் வகைகள். இலை ஓரத்தில் வெள்ளை இருந்தால் அது 'க்ரிம்சன் குவீன்', நடுவில் இருந்தால் 'க்ரிம்சன் பிரின்சஸ்'. இலை முறுக்கிக்கொண்டு கயிறு போல் தொங்கும் 'ஹிந்து ரோப்' வகையும் கார்னோசாவே. இதய வடிவ இலை கொண்டது ஹோயா கெர்ரி, இதிலும் மஞ்சள் ஓரம் உள்ள வகை உண்டு. தடித்த இலை கொண்ட கெர்ரி தன் இலையிலேயே நீரைச் சேமித்து வைக்கும் என்பதால், அதன் கலவை இவை எல்லாவற்றையும்விட வேகமாக உலர்வது நல்லது.

கலவை மாறினால் இலையில் வெள்ளை கூடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. இலையின் வண்ணம் வளர்நுனியில் உள்ள உயிரணுக்களின் தன்மையால் வருவது. முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் அது வேகமாக வளர்ந்து மற்றக் கிளைகளை முந்திவிடும் என்பதால், அந்தக் கிளையைப் பலவண்ண இலை உள்ள கணு வரை வெட்டிவிட வேண்டும். முழு வெள்ளையாக வரும் கிளை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தாய்க்கொடியின் தயவில்தான் வாழும், வெட்டித் தனியாக நட்டால் பிழைக்காது.

தொட்டியின் அடியில் தேங்கும் நீர்

தொட்டியின் அடியில் ஓட்டை இருந்தால் நீர் எல்லாம் வடிந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் எந்தத் தொட்டியிலும் ஊற்றிய நீர் முழுவதும் வடிவதில்லை. கலவைத் துகள்களின் இடுக்குகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அடியில் ஒரு பகுதி எப்போதும் நீர் நிறைந்தே நிற்கும். துகள் மாவு போல் நுண்ணியதாக இருந்தால் அந்த நீர்ப்பகுதி பல சென்டிமீட்டர் உயரம் இருக்கும். துகள் பெரிதாக இருந்தால் அது மிகக் குறைவு.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வைத்து இதை வீட்டிலேயே பார்க்கலாம். பஞ்சை நன்றாக நனைத்து, படுக்கை வாக்கில் பிடித்துச் சொட்டுவது நிற்கும் வரை காத்திருக்கவும். பிறகு அதையே நெட்டுக்குத்தாக நிறுத்தவும். மீண்டும் நீர் சொட்டும். உயரம் கூடியதால் கூடுதல் நீர் வடிகிறது. தட்டையான ஜாடியைவிட உயரமான ஜாடியில் வேரின் மேற்பகுதி உலர்ந்து இருப்பதற்கும் இதுவே காரணம்.

தொட்டியின் அடியில் கல்லோ ஓட்டுத் துண்டோ பரப்பி, அதன் மேல் மண் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. இது வடிகாலை மேம்படுத்தாது. நுண்ணிய மண்ணில் பிடித்த நீர் கீழே உள்ள பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. நீர்ப்பகுதி கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் போய் நிற்கும். அடியில் கல் போடுவதைவிடக் கலவை முழுவதையும் கரடாக்குவதே தீர்வு.

வயல் மண்ணும் தோட்ட மண்ணும் ஒத்துவராது

கெடாவின் சமவெளி மண் நெல்லுக்கு உகந்த களிமண். நீரைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் சிறப்பு. அதே காரணத்தால் அது ஹோயாவுக்கு ஆகாது. கூலிம், பாலிங், கோல கெட்டில் பக்கம் பால்மரத் தோட்டங்களில் காணும் செம்மண்ணும், தொட்டிக்குள் நாள்தோறும் நீர் பட்டால் இறுகிக் கட்டியாகிவிடும். தரையில் மண்புழுவும் வேர்களும் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். தொட்டிக்குள் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும் கறுப்பு மண், கீரைக்கும் செம்பருத்திக்கும் போதுமானதாக இருக்கலாம். ஹோயாவுக்கு அதை மட்டும் இட்டால் சில மாதங்களில் அமுங்கிச் சேறாகிவிடும். மெல்லிய ஆற்று மணலைக் கலந்தாலும் பயன் இல்லை. மணல் இருக்கும் இடைவெளிகளையும் அடைத்துவிடும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் வீட்டைச் சுற்றி நிலம் இருந்தது. முருங்கையும் கறிவேப்பிலையும் மல்லிகையும் தரையில் வேரூன்றி வளர்ந்தன, கலவையைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. தோட்டத்தைவிட்டுத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்த குடும்பங்களுக்கு இன்று சிமெண்டுத் தரையும் சில ஜாடிகளுமே மிச்சம். தரையில் கற்ற பழக்கத்தைத் தொட்டியிலும் தொடர்வதுதான் பல செடிகளுக்கு எமனாகிறது.

கெடாவில் கிடைக்கும் பொருள்கள்

தேங்காய் மட்டைத் துண்டு: கலவைக்கு முதுகெலும்பு இதுதான். கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டிய துண்டுகள் ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு, இடையிடையே காற்றையும் விடும். வீட்டிலேயே மட்டையை வெட்டிப் பயன்படுத்தலாம். மட்டையில் உப்புச் சத்து இருக்கும் என்பதால் ஒரு நாள் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றி, அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

கொக்கோபீட் எனும் தேங்காய் நார்த்தூள்: இது தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடிக்கும். சிறிதளவு சேர்த்தால் நன்மை, அதையே முழுக் கலவையாக்கினால் அழுகல். நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் செடிகள் பல முழுக்கக் கொக்கோபீட்டில் நட்டபடி இருக்கும். பண்ணையின் கூரை, காற்று, நீர் அளவு ஆகியவற்றுக்கு அது பொருந்தும், வீட்டு வாசலுக்குப் பொருந்தாது.

உமிக்கரி: மலாயில் செகாம் பாக்கார் என்று விற்பது இதுவே. அந்தக் காலத்தில் பல் துலக்கப் பயன்பட்ட அதே பொருள்தான். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளையும் கெடாவில் உமிக்குக் குறைவில்லை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை முழுதாக எரியவிடாமல் கருக்கினால் கிடைக்கும் கறுப்புக் கரி இலேசானது, நுண்துளைகள் நிறைந்தது, எளிதில் மக்காது. வாங்கும்போது நிறத்தைக் கவனிக்கவும். கறுப்பாக, உமியின் வடிவம் கெடாமல் இருக்க வேண்டும். வெளுத்த சாம்பல் அதிகமாக இருந்தால் காரத்தன்மை கூடுதலாக இருக்கும், வேருக்கு ஆகாது. எதுவானாலும் ஒருமுறை நீரில் அலசிச் சேர்ப்பது நல்லது. வீட்டிலேயே உமியைக் கருக்க முயல வேண்டாம். புகை அண்டை வீட்டாருக்குத் தொல்லை, திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றமும்கூட.

பச்சை உமி: கருக்காத உமியும் கலவையை இலகுவாக்கும். ஆனால் மக்கும்போது செடிக்கு வேண்டிய நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், ஒட்டியிருக்கும் நெல்மணிகள் முளைக்கவும் செய்யும். உமிக்கரி கிடைக்கும்போது இது தேவையில்லை.

கரித்துண்டு: அடுப்புக்கு வாங்கும் மரக்கரியை வேர்க்கடலை முதல் கோலிக்குண்டு அளவு வரை உடைத்துச் சேர்க்கலாம். ஆண்டுக்கணக்கில் மக்காது, இடைவெளியைக் காக்கும். பசை சேர்த்து அச்சில் வார்த்த கரிக்கட்டிகளைத் தவிர்க்கவும்.

பெர்லைட், பியூமிஸ்: இரண்டும் எரிமலைப் பாறையிலிருந்து வருபவை. பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியைக் கடும் சூட்டில் நெல்பொரி போல் பொரித்து எடுப்பது. இலேசானது என்பதால் நாளடைவில் நீரோடு மேலே மிதந்து வரும். பியூமிஸ் கனமானது, அப்படியே நிற்கும். பெர்லைட் தூசியை மூச்சோடு இழுக்கக் கூடாது. மூட்டையைப் பிரித்ததும் நீர் தெளித்துவிட்டுக் கையாளவும்.

செங்கல் துண்டு: பெர்லைட் வாங்க விரும்பாதவர்களுக்கு எளிய மாற்று. பழைய சிவப்புச் செங்கல்லைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து நீக்கிவிட்டுச் சேர்க்கலாம். சிமெண்டுப் பூச்சு ஒட்டியிருக்கக் கூடாது. கனமானது என்பதால் தொங்கும் தொட்டிக்குக் குறைவாகவே போட வேண்டும்.

மண்புழு உரம்: பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நுண்ணிய துகள் என்பதால் கூடினால் இடைவெளியை அடைக்கும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. செம்பனைத் தோட்டங்களில் எளிதாகக் கிடைக்கும் வெறுங்குலைக் கழிவு விரைவில் மக்கி அமுங்கிவிடும். அதில் காளான் முளைப்பதைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள். அவ்வளவு விரைவாக மக்கும் பொருளுக்கு ஹோயாத் தொட்டியில் இடமில்லை. ஆர்க்கிட்டுக்குப் பயன்படும் மரப்பெரணித் துண்டு நல்ல பொருள்தான் என்றாலும், மரப்பெரணிகள் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டில் உள்ள செடிகள். காட்டிலிருந்து வெட்டி வந்ததை வாங்க வேண்டாம்.

மூன்று இடங்களுக்கு மூன்று கலவைகள்

பால்மாவு டின்னோ தேங்காய்ச் சிரட்டையோ, ஏதாவது ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளவும். கீழே உள்ள ஒவ்வொரு கலவையும் 10 பங்கு கொண்டது.

முதலாவது, கூரைக்குக் கீழ் உள்ள முன்வாசலுக்கு: மட்டைத் துண்டு 4, பெர்லைட் அல்லது பியூமிஸ் 2, உமிக்கரி 2, கரித்துண்டு 1, மண்புழு உரம் 1. பெரும்பாலான தாமான் வீடுகளுக்கு இது போதும்.

இரண்டாவது, மழைச் சாரல் படும் இடத்துக்கு: மட்டைத் துண்டு 4, பியூமிஸ் அல்லது செங்கல் துண்டு 3, கரித்துண்டு 2, உமிக்கரி 1. இதில் மண்புழு உரம் இல்லை. உரத்தைத் தனியாகக் கொடுக்கலாம். கெடாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும் மாதங்களில் இந்தக் கலவை கொடியைக் காக்கும். கெர்ரி வகைக்கு எந்த இடத்திலும் இதுவே பொருத்தம்.

மூன்றாவது, குளிர்சாதன அறைக்கும் அடிக்கடி வெளியூர் செல்லும் குடும்பத்துக்கும்: மட்டைத் துண்டு 4, கொக்கோபீட் 2, பெர்லைட் 2, உமிக்கரி 1, கரித்துண்டு 1. சற்றுக் கூடுதல் நேரம் ஈரம் நிற்கும், ஆனால் அடைத்துக்கொள்ளாது.

ஜனவரி முதல் மார்ச் வரை வட மாநிலங்களில் நிலவும் வறட்சிக் காலத்தில் முதல் இரண்டு கலவைகளும் விரைவாகக் காயும். அதற்காகக் கலவையை மாற்ற வேண்டியதில்லை, நீர் ஊற்றும் இடைவெளியைக் குறைத்தால் போதும். கலவை முழுக்கக் காய்ந்து, ஊற்றிய நீர் ஓரமாகவே ஓடினால், தொட்டியை ஒரு வாளி நீரில் 15 நிமிடம் வைத்து எடுக்கவும்.

கலந்து முடித்ததும் ஒரு சோதனை. தொட்டியில் நிரப்பி நீர் ஊற்றினால் சில விநாடிகளில் அடியிலிருந்து வெளியேற வேண்டும். மேலே குளம் போல் நின்றால் நுண்துகள் அதிகம் என்று பொருள். சலித்துவிட்டு மறுபடியும் கலக்கவும்.

தொட்டியும் நடும் முறையும்

வேர்ப்பந்தைவிட 2 அல்லது 3 சென்டிமீட்டர் மட்டுமே அகலமான தொட்டி போதும். பெரிய ஜாடியில் வேர் எட்டாத கலவை ஈரமாகவே கிடந்து அழுகலைத் தொடங்கிவைக்கும். ஹோயா நெருக்கமான தொட்டியைத் தாங்கிக்கொள்ளும் கொடி. மண் தொட்டி பக்கங்களின் வழியாகவும் உலரும், பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைக் கூடுதல் நேரம் வைத்திருக்கும். பழைய எண்ணெய் டின், பால்மாவு டின் பயன்படுத்துபவர்கள் அடியில் நான்கைந்து ஓட்டைகளாவது போட வேண்டும். நேரடி வெயிலில் தகரம் சூடேறி வேரை வேகவைத்துவிடும் என்பதால் நிழலில் தொங்கவிடவும்.

புதிதாக வாங்கிய கொடியை அன்றே மாற்ற வேண்டாம். இரண்டு வாரம் புதிய இடத்துக்குப் பழகட்டும். மொட்டு விட்டிருந்தால் பூத்து முடியும் வரை பொறுக்கவும். மாற்றும்போது பழைய கொக்கோபீட்டை விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு, முன்பிருந்த அதே ஆழத்தில் நட வேண்டும். தண்டைப் புதைக்கக் கூடாது.

மட்டைத் துண்டு இரண்டு ஆண்டு அளவில் மக்கி நுணுகத் தொடங்கும். தொட்டியில் கலவையின் மட்டம் கீழே இறங்கியிருந்தாலோ, ஊற்றிய நீர் முன்பைவிட மெதுவாக வடிந்தாலோ கலவையை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பூக்கள் உதிர்ந்த பிறகு நிற்கும் காம்பை வெட்டிவிடக் கூடாது. பல ஹோயாக்கள் அதே காம்பில்தான் மறுபடியும் பூக்கும்.

சத்தே குச்சி சொல்லும் செய்தி

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஒரு சத்தே குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை குத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்க்கவும். குச்சி நனைந்து கறுத்திருந்தால் காத்திருக்கவும். அடி நுனி மட்டும் இலேசாக ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றலாம். நனைந்த தொட்டியின் கனத்தையும் காய்ந்த தொட்டியின் கனத்தையும் இரண்டு முறை தூக்கிப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு குச்சியும் தேவைப்படாது.

இலை சுருங்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். இலை சுருங்கி, கலவையும் காய்ந்திருந்தால் அது தாகம். தண்ணீர் ஊற்றினால் ஓரிரு நாளில் இலை நிமிரும். இலை சுருங்கி, கலவை ஈரமாக இருந்தால் அது வேர் அழுகல். நீர் இருக்கிறது, ஆனால் அதைக் குடிக்க வேர் இல்லை. இந்த நிலையில் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் அழுகலை இன்னும் மேலே ஏற்றும்.

அழுகல் என்று தெரிந்ததும் கொடியை வெளியே எடுத்து, கலவையை உதறி, வேரைக் கழுவவும். வெளுத்து இறுக்கமாக இருப்பது உயிருள்ள வேர், பழுப்பாகி மெத்தென்று உரிவது செத்த வேர். செத்ததைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, புதிய கலவையில் சிறிய தொட்டியில் நடவும். வேர் முழுவதும் போயிருந்தாலும் கொடி முடிந்துவிடவில்லை. இரண்டு கணுக்கள் உள்ள, கறுக்காத தண்டுகளை வெட்டி, வடியும் பால் நின்ற பிறகு, ஈரமான பெர்லைட்டிலோ சுத்தமான நீரிலோ ஒரு கணு பதியும்படி வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கையைக் கழுவிவிடவும்.

உரமும் அரிசி களைந்த நீரும்

இந்தக் கலவைகளில் சத்து குறைவு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்த உரம் கொடுக்கலாம். தேங்காய் மட்டை கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைத் தன்னிடம் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த இரண்டும் உள்ள உரமாகப் பார்த்து வாங்கினால் புதிய இலைகள் கோணாமல் வரும்.

அரிசி களைந்த நீர், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவற்றைத் தொட்டியில் போடுவது நம் வீடுகளில் வழக்கம். தரையில் உள்ள கறிவேப்பிலைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஹோயாத் தொட்டியில் மாவுச்சத்து தங்கிப் புளித்து, நாற்றத்தையும் கொசுறுப் பூச்சிகளையும் எறும்பையும் கூட்டி வரும். எறும்பு வந்தால் இலைக் கணுக்களில் வெள்ளை மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும்.

கையுறை ஏன் தேவை

கலவை தயாரிக்கும்போது செடியைவிட முக்கியமான ஒன்று கலப்பவரின் உடல்நலம். கெடாவில் மண்ணைக் கையாளுபவர்கள் மெலியோய்டோசிஸ் என்ற நோயை அறிந்திருக்க வேண்டும். ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, தோலில் உள்ள வெட்டு, புண் வழியாகவோ, மூச்சு வழியாகவோ உடலுக்குள் புகுந்து இதை உண்டாக்குகிறது. அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை கண்டறிந்த 145 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உயிரிழந்ததையும், பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருந்ததையும் பதிவு செய்தது.

நீரிழிவு நம் சமூகத்தில் பரவலாக இருக்கிறது. அதனால் இனிப்புநீர் உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் வெறுங்கையோடு மண்ணைக் கிளறவோ, வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கவோ கூடாது. கையுறை, மூடிய காலணி, தூசி பறக்கும்போது முகக்கவசம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல் ஆகியவை போதுமான காப்பு. வயல் மண்ணை அள்ளி வராமல், மட்டையும் உமிக்கரியும் கொண்டு கலவை செய்ய இதுவும் ஒரு காரணம். மண் வேலைக்குப் பிறகு விடாத காய்ச்சல் வந்தால், மண்ணைக் கையாண்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டும் கவனிக்க வேண்டியதே. ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வார அளவிலேயே கொசுவாகிவிடும். தட்டை வைக்காமல் இருப்பது சிறப்பு. வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் துடைக்கவும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி அபராதம் விதிக்க முடியும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பசார் மாலாமிலும் இணையத்திலும் சிறு ஜாடியில் ஒற்றை இதய இலையாக விற்கப்படும் ஹோயா கெர்ரி, பரிசுக்கு அழகானது. ஆனால் தண்டின் கணு இல்லாத இலை, வேர் விட்டு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தாலும் கொடியாக வளர்வதில்லை. படரும் கொடி வேண்டும் என்பவர்கள் தண்டும் குறைந்தது இரண்டு கணுவும் உள்ள செடியைக் கேட்டு வாங்க வேண்டும்.

தண்டின் அடியை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கவும். இறுக்கமாக இருந்தால் வாங்கலாம், அமுங்கினால் வேண்டாம். இலையில் வெள்ளையும் பச்சையும் கலந்திருக்கும் கொடியே நீடிக்கும். பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும் கொடி விலை கூடியதாக இருந்தாலும் வளர்ப்பதற்குக் கடினமானது.

முதல் முறை வளர்ப்பவர்கள் விலை உயர்ந்த வகையில் தொடங்க வேண்டியதில்லை. பச்சை ஹோயா ஒன்றை இந்தக் கலவையில் நட்டு, ஒரு மழைக்காலத்தையும் ஒரு வறட்சிக் காலத்தையும் கடக்கவிட்டால், தங்கள் வாசலில் தொட்டி எத்தனை நாளில் காய்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு பலவண்ணக் கொடிக்குச் செலவு செய்யலாம்.